இடது பக்கத்து சீட்

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் டயரை ஓர் உதை உதைப்பார்கள். உதைத்தால் என்ன தெரியும் என்று இருபத்திரண்டு வருஷமாகப் புரோக்கர் வேலை பார்க்கும் எனக்கே இன்றுவரை தெரியாது. உதைத்துவிட்டு எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டுவார்கள். நானும் கூடச் சேர்ந்து ஆட்டுவேன். நிதானம் அண்ணனை வண்டி காட்ட அழைத்துப்போன அன்று அவர் டயர் பக்கமே திரும்பவில்லை. சக்கர நாற்காலியின் பக்கப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, தரையிலிருந்து டிரைவர் சீட் எவ்வளவு உயரம் என்று அளந்தார். பிறகு கதவு எவ்வளவு திறக்கிறது, சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று ஒவ்வொன்றாக அளந்தார். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சினைப் பற்றிப் பேச நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பொய்யெல்லாம் வீணாய்ப்போனது.

நிதானம் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். ஒரு மரச்சாமான் கடைக்குப் பதினெட்டு வருஷம் வேன் ஓட்டினார். பீரோ, கட்டில், சாப்பாட்டு மேஜை என்று எதை ஏற்றினாலும் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கண்ணாடி அலமாரி வாங்கினவர்கள், அவர் வண்டியில்தான் வரவேண்டும் என்று கடையில் சொல்லி வைத்துவிட்டுப் போவார்களாம். பேச்சும் அப்படித்தான், அளந்துதான் வரும். நாம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு டீ குடித்து முடித்தால் பதில் வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்து, அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்து, மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அதே வேனில் தம்பிதான் அவருக்குத் துணை ஆள். மாடிப்படியில் பீரோவை முதுகில் தூக்குவது அவன் வேலை. வண்டி ஓடும்போது அவனுக்கு இன்னொரு வேலை இருந்தது. மூடின பெரிய வேன், ஏற்றின சாமான் தம்பி சீட்டை ஒட்டி நிற்கும், டிரைவர் சீட்டிலிருந்து இடப்பக்கம் சரியாகத் தெரியாது. அதனால் வலது பக்கம் அண்ணன் கண், இடது பக்கம் தம்பி கண் என்று இருவரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சந்திப்பு வந்தால் அண்ணன் வண்டியை நிறுத்தி, வலப்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். இடமிருந்து ஏதாவது வந்தால் தம்பி "நில்லு" என்பான். வரவில்லை என்றால் ஒன்றும் சொல்லமாட்டான். சத்தமில்லை என்றால் பாதை காலி. பதினெட்டு வருஷத்தில் அண்ணன் இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினதே இல்லை என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் ஒரு முறை அவர்களோடு போயிருக்கிறேன். இரண்டு உடம்பில் ஒரே டிரைவர் இருந்த மாதிரிதான் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன், பட்டப்பகல் மூன்று மணிக்கு, ஒரு நாற்சந்தியில் அந்த வேனை இடப்பக்கமிருந்து வந்த லாரி அடித்தது. தம்பி அங்கேயே முடிந்துபோனான். அண்ணனுக்கு முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அடிப்பதற்கு முந்தின நொடியில் வேனின் இடது சீட்டில் இருந்தவன் முகத்தைப் பார்த்ததாக லாரிக்காரர் போலீசில் சொன்னார். கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தானாம். மருத்துவமனைக் கட்டிலில் வைத்து அண்ணனைக் கேட்டபோது, அவரும் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் வண்டியை எடுத்தேன் என்றார். அதற்கு மேல் யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே தூங்கித் தூங்கியே அண்ணன் வாழ்க்கையைக் கெடுத்த தம்பி என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்து நானே பத்துப் பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

வண்டி விஷயமாக அவர் வீட்டுக்கு முதல்முறை போனபோதுதான் தம்பி மனைவியைச் சரியாகப் பார்த்தேன். முன்னறையில் ஒரு பக்கம் அண்ணனின் கட்டில், மறுபக்கம் அவளுடைய தையல் மிஷின். மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சைத் துணிக் குவியலுக்கு நடுவில் நாற்காலி போக மட்டும் ஒரு வழி விட்டிருந்தது. நிலைப்படியைப் பெயர்த்து எடுத்துத் தரையைச் சமமாக்கியிருந்தாள். அடுக்களை அலமாரிகளை இரண்டடி இறக்கி வைத்திருந்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, அதற்கென்று ஒரு வழவழப்பான பலகை. அதை ஒரு கையால் வைத்துக்கொண்டே மறுகையால் தைக்கிற துணியைப் பிடித்திருப்பாள். ஆறு வருஷம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டவள். வேறு ஊரில் இருந்த அவளுடைய அக்கா, எங்கள் தையல் யூனிட்டுக்கு வந்துவிடு, நீதான் மேற்பார்வை என்று வருஷா வருஷம் கூப்பிட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். அவள் மிஷினை நிறுத்தக்கூட இல்லை.

"அவர் தூங்கினாரு, மாமா நாற்காலியில உட்கார்ந்துட்டாரு. அவர் பண்ணினதுக்கு நான்தானே அண்ணா நிக்கணும்?"

அண்ணன் அதே அறையில் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி அடுத்த பொத்தானுக்குப் போனார்.

விஷயம் இதுதான். ஊரிலிருந்த பெரிய ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஏழு கிளைகள். கிளை கிளையாகப் போய், ரத்த மாதிரிகள் வைத்த குளிர்பெட்டிகளை வாங்கி வந்து தலைமை இடத்தில் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். பெட்டியை ஏற்றுவதும் இறக்குவதும் அங்கே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், டிரைவர் வண்டியைவிட்டு இறங்கவே வேண்டாம். குலுக்காமல் ஓட்டுகிற ஆள் என்று யாரோ அண்ணன் பெயரைச் சொல்ல, நிலைய மேலாளர் ஒத்துக்கொண்டுவிட்டார். சொந்த வண்டியும் உரிமமும் ஒன்றாம் தேதிக்குள் வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருந்தார். வேலை கிடைத்தால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம், தம்பி மனைவி அக்காவிடம் போகலாம். அண்ணன் இதை என்னிடம் சொல்லும்போது, "அவ போகணும் புரோக்கரே, அவ்வளவுதான்" என்றார். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது நாள் இருந்தது.

முதல் வண்டி தாழ்வான கார். உள்ளே போவது சுலபமாக இருந்தது, வெளியே வரக் கிணற்றிலிருந்து ஏறுவதுபோல் ஏறினார். இரண்டாவது ஜீப். அதற்கு ஏணி வேண்டும். நாற்காலி சீட்டின் உயரம் பத்தொன்பது அங்குலம். வண்டி சீட் அதைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ ஆகாது. உள்ளே ஏறின பிறகு நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தை நெஞ்சுக்கு மேலே தூக்கி உள்ளே இழுத்து, பக்கத்தில் போட வேண்டும். கியர் ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்த பழைய வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் தலைகீழாய் நின்று தேடினேன். இந்த நாற்பது நாளில் என் சொந்த வியாபாரம் படுத்துவிட்டது என்று வீட்டில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

மூன்றாவதாகக் கிடைத்த வேன் அவருக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. சீட் உயரம் பத்தொன்பதரை அங்குலம். முன்பு வைத்திருந்த ஆள் ரொட்டி சப்ளை செய்தவர், கூடை வைக்க வசதியாக இடது பக்கத்து முன் சீட்டைக் கழற்றிப் போட்டிருந்தார். நாற்காலிச் சட்டம் அந்த இடத்தில் பாந்தமாகப் போய் உட்கார்ந்தது. எனக்கு வாயெல்லாம் பல். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். பிறகு கண்ணை மட்டும் ஓட்டி இடப்பக்கத்து வெறும் தரையைப் பார்த்தார்.

வேண்டாம் என்றார். ஏன் என்றேன். பக்கத்து சீட் இல்லையே என்றார்.

"பக்கத்து சீட்ல யாரை உட்கார வைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் என் நாக்கு எங்கே போய் நின்றது என்று புரிந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பலகையை வைத்து, கையை ஊன்றி, அங்குலம் அங்குலமாக நாற்காலிக்கு நகர்ந்தார். அப்படியொரு வண்டியை வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்களே என்று சொல்ல வந்து, யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, வாயை மூடிக்கொண்டேன். மறுநாளே அந்த வேனை வேறொருவர் கொத்திக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு அண்ணன்மேல் கெட்ட கோபம்.

இன்னும் பதினாறு நாள் இருக்கும்போது நான்காவது கிடைத்தது. அதே கம்பெனி வேன், இரண்டு முன் சீட்டும் இருந்தன, பின்னால் ஒரு நீள சீட், இடப்பக்கம் தள்ளித் திறக்கிற கதவு. இந்த முறை அவர் சரி என்றார். கை லீவர் போட மெக்கானிக்கம்மாவிடம் கொண்டுபோனோம். கால் இயங்காதவர்களுக்கு வண்டி மாற்றிக் கொடுப்பதில் அந்தம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர், தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். ஒரு கையால் திருப்ப ஸ்டியரிங்கில் ஒரு குமிழ். பெடல்களுக்கு முன்னால் ஒரு தகடு. அது எதற்கு என்று கேட்டேன். இயங்காத காலும் சில நேரம் தானாகத் துள்ளும், துள்ளிப் போய் பெடலை மிதித்துவிடக் கூடாது என்றார். உயிரில்லாத கால் தானாக வண்டி ஓட்டும் என்று கேட்டதும் அந்தத் தகட்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பத்து நாள் பழகினார். கை பழகுவதற்கு அவருக்கு ஒரே நாள்தான் ஆயிற்று. லீவரை அவர் தள்ளுவதும் இழுப்பதும் பார்க்க அவ்வளவு அழகு, தண்ணீர் நிறைந்த டம்ளரை முன்னால் வைத்தாலும் தளும்பாது. ஆனால் பட்டறை வாசலைத் தாண்டித் தெருவில் ஏறுகிற இடத்தில் மட்டும் வண்டி நிற்கும். நின்றால் நகராது. முதல் நாள் நான் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கை லீவர்மேல் இருக்கிறது, முகம் நேராக இருக்கிறது, காதை மட்டும் என் பக்கம் கொடுத்திருக்கிறார்.

"என்னண்ணே?"

"இரு. இன்னும் சொல்லலை."

யார் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பளிச்சென்று வெயில் அடிக்கிற காலைப் பத்து மணி. மூடின ஜன்னல் கண்ணாடியில் என் தலை சாய்ந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்து, சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பிறகு அந்த சீட்டில் உட்காரச் சொன்னால் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். மெக்கானிக்கம்மாவும் கவனித்திருக்கிறார். அவருக்குக் கழுத்தில் ஏதாவது பிரச்னையா, இடது பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறாரே என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். கழுத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்வது?

உரிமப் பரிசோதனையில் பாஸாகிவிட்டார். சுற்றுச்சுவருக்குள் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், பின்னால் எடுக்கச் சொன்னார்கள். அங்கே சந்திப்பு கிடையாது.

மிச்சமிருந்தது ஒரே சிக்கல். நாற்காலிச் சட்டம் இடது சீட்டின்மேல் நிற்கவில்லை. பிரேக் போட்டால் அவர் கைமேல் சரிந்து விழுந்தது. சீட்டைக் கழற்றிவிட்டுச் சட்டத்தைத் தரையில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டலாம், ஒரு மணி நேர வேலை என்றார் மெக்கானிக்கம்மா. அண்ணன் வேண்டவே வேண்டாம் என்றார். கயிற்றால் கட்டலாம் என்றார், நாற்காலியைப் பின்னால் வைத்துவிடலாம் என்றார். பின்னால் வைத்தால் நீங்கள் தனியாக எப்படி எடுப்பீர்கள் என்று அந்தம்மா கேட்டார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த தம்பி மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"கழட்டிப் போடுங்கம்மா. உட்கார்ந்து தூங்கினவருக்கு எதுக்கு சீட்டு?"

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அறை வாங்கினவர் முகம் இல்லை அது, அறைவதற்கு ஓங்கின கையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருப்பவர் முகம். கழற்றுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். நான்கு போல்ட்டையும் கழற்றிச் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார்கள். தம்பி மனைவி அதைத் தாண்டிப் போய் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். அவர் அன்று சாப்பிடவில்லை.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், ஏழு கிளைகளையும் ஒரு முறை சுற்றிவந்து நேரம் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அவர் தானே ஏறி, தானே சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தைத் தூக்கி இடப்பக்கம் வைத்து பெல்ட்டை மாட்டினார். பின் சீட்டில் நானும் தம்பி மனைவியும். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் போன் செய்து அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு முன்னால் அந்த நாற்காலி, யாரையோ உட்காரவைத்து பெல்ட் போட்ட மாதிரி இருந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் லேசாகத் தலையசைக்கிற மாதிரி அசைந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதல் மூன்று கிளைகளுக்கு விளக்குக் கம்பம் உள்ள சாலைகளே வந்தன. பச்சை விழுந்தால் போனார், சிவப்பு விழுந்தால் நின்றார். நான்காவதுக்குப் போகிற வழியில் விளக்கில்லாத நாற்சந்தி வந்தது. வண்டி நின்றது. அவர் வலப்பக்கம் பார்த்தார், பிறகு நேராகப் பார்த்தார், காத்திருந்தார்.

பின்னால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். இடது காலியாக இருக்கிறது, போங்கள் என்றேன். அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் காதில் என் குரல் விழவில்லை, வேறொரு குரலுக்கு அந்தக் காது திறந்திருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். தம்பி மனைவி முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தொட்டாள்.

"மாமா, அவர் இல்லை. அவர் சொல்லமாட்டார். இருந்தப்பவே சொல்லாம தூங்கினவர்தானே?"

அவர் லீவரை முழுக்கத் தள்ளிப் பிரேக்கைப் பூட்டினார்.

"அவனை நான்தான் தூங்கச் சொன்னேன்."

அவள் கை தோள்மேலேயே இருந்தது. அவர் திரும்பாமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அன்று காலையிலிருந்து தம்பி மூன்று பீரோக்களை நான்கு மாடி ஏற்றியிருக்கிறான். கண் சொருகியிருக்கிறது, ஆனாலும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். நேர் ரோடுதானே, கொஞ்சம் தூங்குடா என்று இவர்தான் சொல்லியிருக்கிறார். அவன் வேண்டாம் என்றிருக்கிறான். இவர் அதட்டியிருக்கிறார்.

"அவர் என்ன சொன்னாரு?" என்று அவள் கேட்டாள்.

"'சரிண்ணே, பத்து நிமிஷத்துல எழுப்பிடு'ன்னான்."

"எழுப்பினீங்களா?"

"இல்லம்மா. தூங்கச் சொன்னதையே மறந்துட்டேன். சந்தியில நிறுத்தி, எப்பவும்போல காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தமில்லை. காலின்னு எடுத்துட்டேன்."

பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆறு வருஷமா என் புருஷனை நானே திட்டிட்டு இருந்தேன் மாமா. தினம் திட்டினேன். நீங்க அதே ரூம்ல உட்கார்ந்து கேட்டுட்டுதானே இருந்தீங்க?"

அவர் ஆமாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பும், அதே நேரம் வந்த இரக்கமும் இன்னும் என் நெஞ்சில் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. அவள் கதவைத் தள்ளித் திறந்து இறங்கினாள். நானும் இறங்கப் போனேன், வராதீர்கள் என்று கையைக் காட்டினாள். சாலையோரமாக, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். அண்ணன் கதவைத் திறந்தார். நாற்காலிச் சட்டத்தை எடுத்து, நெஞ்சுக்கு மேலே தூக்கி, வெளியே வைத்து, சக்கரங்களை மாட்டி, பலகையைப் போட்டு இறங்க அவருக்கு நான்கு நிமிஷம் ஆகும். கதவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவள் வளைவு திரும்பிவிட்டாள். கதவைச் சாத்தினார்.

பிறகு இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினார். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நாற்காலியைப் பார்த்தார், அதைத் தாண்டிச் சாலையைப் பார்த்தார். ஒரு சைக்கிள் வந்தது. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியை எடுத்தார். மிச்சக் கிளைகளையும் சுற்றி, சொன்ன நேரத்துக்குத் தலைமை இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று நான்தான் அவரை வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டேன். மிஷின் அங்கேயே இருந்தது, தைத்து முடித்த சீருடைகள் மடித்து அடுக்கியிருந்தன. அவளுடைய இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. அதில் தம்பியின் படம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தாளாம், ஆறு வருஷமாகச் சுவரில் மாட்டவில்லையாம். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வண்டி கிடைத்துவிட்டால் ஒன்றும் சொல்லாமலே அவளை அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அந்த வண்டிக்காக நாற்பது நாள் அலைந்தவன் நான்.

வேலைக்குப் போகிறார். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து போகிறார். தம்பி மனைவி இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். அக்காவின் யூனிட்டில் மிஷின்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே பேசினாள். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

"அவர் இடது பக்கம் பாக்குறாரா அண்ணா?"

பார்க்கிறார் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

பார்க்கிறார் என்பது உண்மைதான். ஐந்தாவது கிளையில் பெட்டி ஏற்றுகிற பெண் ஒரு நாள் அவரோடு தலைமை இடத்துக்கு வந்தபோது நேரில் பார்த்திருக்கிறாள், அவள் சொல்லித்தான் எனக்கும் தெரியும். நான் அதில் பாதியைத்தான் போனில் சொன்னேன். விளக்கில்லாத ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் வண்டியை நிறுத்தி, முதலில் அந்த நாற்காலியைக் கையால் ஒரு தட்டுத் தட்டுகிறாராம்.

"எழுந்திருடா. பத்து நிமிஷம் ஆயிடுச்சு" என்கிறாராம். அதன் பிறகுதான் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறாராம்.